வீட்டுக்கடன் கோப்பை ஒன்பது படிகளில் அடக்க முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது: “திருநெல்வேலியில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் கிளையில் கோப்புப் பரிசீலனைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். தலைமை அலுவலகம் ஒரு மென்பொருள் கொடுத்திருக்கிறது. விண்ணப்பம் முதல் கடன் தொகை வழங்குவது வரை ஒன்பது படிகள். ஒரு படி முடிந்தால்தான் அடுத்தது திறக்கும். புதியவர்கள் அதில் ஒழுங்காக வேலை செய்கிறார்கள். சொத்து ஆவணங்களைப் பார்க்கும் மூத்தவர்கள் இருவர் மட்டும், நாங்கள் அண்ணாச்சி என்றும் அக்கா என்றும் அழைப்பவர்கள், எல்லாவற்றையும் நோட்டிலும் வாட்ஸ்அப்பிலும் முடித்துவிட்டுக் கடைசி நாளில் ஒன்பது படிகளையும் ஒரே மூச்சில் ‘முடிந்தது’ என்று குறித்துவிடுகிறார்கள். இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? கேஸ் மேனேஜ்மென்ட் என்கிறார்களே, அது உதவுமா?”

உதவும். முன்கூட்டியே வரிசை போடாமல், ஒரு கோப்பை முழுதாகப் பார்த்து அதில் தெரியவருவதை வைத்து அடுத்த வேலையைத் தீர்மானிக்கும் முறைக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் அந்த இருவரும் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதே கேஸ் மேனேஜ்மென்ட்தான். அவர்கள் நோட்டில் அதற்கு இடம் இருக்கிறது, உங்கள் மென்பொருளில் இல்லை. கடன் பரிசீலனையிலும் பிறகு அதற்கான மென்பொருள் வடிவமைப்பிலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்களைத் திருத்தும் முயற்சியை இன்றே நிறுத்துங்கள். அந்த நோட்டை வாங்கி, உட்கார்ந்து படியுங்கள். உங்களுக்கு வேண்டிய மென்பொருளின் வரைவு அதற்குள் இருக்கிறது.

ஒன்பது படிகளைக் குறை சொல்ல மாட்டேன். பெருமாள்புரத்தில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ஒரு மனை, அதற்கு ஒரே ஒரு கிரையப் பத்திரம், வாங்குபவர் அரசுப் பள்ளி ஆசிரியர், சம்பளச் சான்றும், பழைய கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையும் சுத்தம் என்றால் அந்தக் கோப்பு ஒன்பது படிகளில் தங்குதடையின்றி ஓடிவிடும். அதில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை, விட்டுப்போகாமல் செய்தால் போதும். அப்படிப்பட்ட வேலைக்கு வரிசைப் படிகளைவிட நல்ல கருவி இல்லை.

இப்போது கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்தில் கடன் பார்த்தவர்கள் எல்லோரும் இதுபோன்ற கோப்பைப் பார்த்திருப்பார்கள். வீட்டைச் சுயமாகச் சம்பாதித்து வாங்கியவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவியும் ஒரு மகனும் வாரிசுகள். 1994இல் மனைவி தனக்காகவும் மைனர் மகனுக்குக் காப்பாளராகவும் கையெழுத்திட்டு வீட்டை விற்றுவிட்டார். நீதிமன்ற அனுமதி பெற்றதாகப் பத்திரத்தில் எதுவும் இல்லை. 1994இல் வாங்கியவரும் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் மூவரும் சேர்ந்து உங்கள் வாடிக்கையாளருக்கு விற்கிறார்கள். மூவரில் ஒருவர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். வாடிக்கையாளர் அட்வான்ஸ் கொடுத்துக் கிரைய ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஒப்பந்தக் கெடு மூன்று மாதம்.

மென்பொருளின்படி முதலில் வருமானச் சரிபார்ப்பு, பிறகு தள ஆய்வு, பிறகு மதிப்பீட்டுப் பொறியாளர், அதன் பிறகே பேனல் வழக்கறிஞர், அதாவது நிறுவனத்தின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர். அண்ணாச்சி என்ன செய்வார்? விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு 1994 பத்திரத்தை எடுப்பார். மைனரின் வயது என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பார். ‘வயது 6’ என்று இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு, நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் மைனரின் அசையாச் சொத்தைக் காப்பாளர் விற்கக் கூடாது என்கிறது. அப்படி விற்றால் அந்த விற்பனை தானாகச் செல்லாததாகிவிடாது. மைனர் நினைத்தால் அதை ரத்து செய்யக் கோரலாம், மேஜரானதிலிருந்து 3 ஆண்டுகளுக்குள். 1988இல் பிறந்தவர் 2006இல் மேஜர். 2009இல் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இடையில் அவர் வழக்கு எதுவும் போட்டாரா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. வில்லங்கச் சான்றில் அதற்கான தடயம் இருக்கிறதா என்று பார்ப்பார், தெரிந்தவர்களிடம் விசாரிப்பார், வழக்கறிஞருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே தம்மாமில் இருப்பவருக்குப் போன் போகும். ஊருக்கு வந்து கையெழுத்திட முடியுமா, இல்லை பவர் பத்திரம் அனுப்புவாரா? பவர் என்றால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க நாள் ஆகும். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும் என்பதும் முத்திரைச் சட்டத்தில் இருக்கிறது. ஆகவே ஒன்பது படிகளில் எட்டாவதாக வரும் ‘விற்பவர் கையொப்பம்’ என்ற வேலையை அண்ணாச்சி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறார். மதிப்பீட்டுப் பொறியாளரை மட்டும் நிறுத்தி வைக்கிறார். பத்திரத்தில் கோளாறு பெரிதாக இருந்தால் வாடிக்கையாளர் கட்டும் மதிப்பீட்டுக் கட்டணம் வீண்தானே.

அடுத்த கோப்பில் இதே அண்ணாச்சி வரிசையைத் தலைகீழாக்குவார். பத்திரங்கள் சீராக இருக்கும், ஆனால் பத்திரத்தில் உள்ள தென்வடல் அளவும் வரைபடத்தில் உள்ள அளவும் இடிக்கும். அங்கே பொறியாளர் முதலில் போயாக வேண்டும். வரிசை முன்கூட்டியே தெரியாது, ஒரு தாளைப் படித்த பிறகுதான் அடுத்த வேலை எது என்று தெரிகிறது. மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1959இல் அறிவுப் பணியாளர் என்று பெயரிட்ட வகையினர் இவர்கள்தான். பட்டம் பெற்றிருப்பதோ கணினி முன் உட்கார்ந்திருப்பதோ இதில் பொருட்டில்லை. அடுத்து எதைச் செய்வது என்று தீர்மானிப்பதே வேலையின் பெரும்பங்காக இருந்தால் அவர் அறிவுப் பணியாளர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பத்துக்கு, சொத்தில் கோளாறு இருக்கிறது என்ற செய்தி ஐந்தாம் நாளில் தெரிவதும் எண்பதாம் நாளில் தெரிவதும் ஒன்றாகாது. ஐந்தாம் நாளில் தெரிந்தால் விற்பவரிடம் பேசி அட்வான்ஸை மீட்கலாம், அல்லது குறையைச் சரிசெய்யச் சொல்லலாம். கெடு நெருங்கும்போது தெரிந்தால் பணம் மாட்டிக்கொள்ளும். அண்ணாச்சி வரிசையை மீறுவது பெரும்பாலும் இந்தக் காரணத்துக்காகத்தான். அதை ஒழுங்கீனம் என்று எழுதிவைக்காதீர்கள்.

வரிசைப் படிகளில் இன்னொரு தொல்லை, அது வெளியில் தெரியாது. ஒவ்வொரு படியிலும் அந்தப் படிக்கு நிரப்ப வேண்டிய கட்டங்களை மட்டுமே திரை காட்டும். மதிப்பீட்டுப் படியில் இருப்பவருக்குப் பத்திரம் தெரியாது. சட்டப் படியில் இருப்பவருக்குத் தள ஆய்வின் படங்கள் தெரியாது. சுரங்கப் பாதைக்குள் இருந்து ஊரைப் பார்ப்பது போல. நெதர்லாந்தின் வில் வான் டெர் ஆல்ஸ்ட், ஜெர்மனியின் மத்தியாஸ் வெஸ்கே, இவர்களுடன் டோல்ஃப் குருன்பாவர் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தக் குறையைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. அவர்கள் சொன்ன மாற்று எளிமையானது. வேலையைத் துண்டு துண்டாக ஆட்களிடம் தள்ளாமல், முழுக் கோப்பையும் அதற்கு உரியவர் பார்க்கட்டும். அடுத்து என்ன செய்யலாம் என்பதை முடிந்த படிகளை வைத்துத் தீர்மானிக்காமல், கோப்பில் என்ன தகவல் சேர்ந்திருக்கிறது என்பதை வைத்துத் தீர்மானிக்கட்டும். ஒவ்வொரு பணிக்கும் மூன்று அதிகாரங்களைத் தனித்தனியே கொடுங்கள்: செய்வதற்கு, மறுபடி செய்வதற்கு, தவிர்ப்பதற்கு. இந்த மூன்றும் பின்னால் உங்களுக்கு மிகவும் பயன்படும்.

தொழில்நுட்பத் தரங்களைப் பற்றிச் சில வரிகள் போதும். வரிசையாக ஓடும் வேலைகளை வரைய பி.பி.எம்.என். என்ற குறியீட்டு முறை இருக்கிறது. அதன் 2.0 பதிப்பு 2011இல் வந்தது, 2013இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. அதை வெளியிட்ட ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் அமைப்பே, வரிசை தெரியாத வேலைகளுக்கென்று சி.எம்.எம்.என். என்ற முறையை 2014இல் வெளியிட்டது. 2016இல் அதற்கு 1.1 பதிப்பும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. ஒரு கேஸுக்குள் ஒரு பணியாக முழு வரிசைப் படியையே வைக்கலாம். வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பிப்பது, கட்டணம் கட்டுவது, சிபில் அறிக்கை எடுப்பது ஆகியவை எப்போதும் ஒரே மாதிரி நடப்பவை, அவற்றை வரிசையாகவே விட்டுவிடுங்கள். அண்ணாச்சிக்கு அவை தானாக நடந்தால் சந்தோஷம்தான்.

கல்லிடைக்குறிச்சிக் கோப்பை இந்த முறையில் அமைத்தால் எப்படி இருக்கும்? நடுவில் கோப்பு: பத்திரங்கள், சான்றுகள், படங்கள், யாரிடம் எப்போது பேசினோம் என்ற குறிப்புகள், எல்லாம் ஒரே இடத்தில். அதைச் சுற்றி வேலையின் மூன்று நான்கு கட்டங்கள். கடன் வாங்குபவரின் திருப்பிச் செலுத்தும் திறன் ஒரு கட்டம், சொத்தின் உரிமை ஒரு கட்டம், சொத்தின் மதிப்பு ஒரு கட்டம். மூன்றும் ஒரே நேரத்தில் திறந்திருக்கலாம். உரிமைக் கட்டத்துக்குள் சில பணிகள் எப்போதும் உண்டு, மூலப் பத்திரம் படிப்பது போல. வேறு சில பணிகள் தயாராகப் பட்டியலில் இருக்கும், பார்ப்பவர் தேவை என்று நினைத்தால் மட்டும் கோப்புக்குள் இழுத்துக்கொள்வார்: மைனர் பங்கு விசாரணை, வெளிநாட்டுப் பவர் பத்திரம், வாரிசுகளிடம் விடுதலைப் பத்திரம், தொலைந்த பத்திரத்துக்குக் காவல் நிலையச் சான்றும் பத்திரிகை விளம்பரமும், கோயில் அல்லது மடத்து நிலமா என்ற சரிபார்ப்பு. தாமிரபரணிப் பாசனத்து ஊர்களில் இந்தக் கடைசிப் பணி அடிக்கடி தேவைப்படும். பெருமாள்புரத்து மனைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. எல்லாக் கோப்புக்கும் கட்டாயமாக்கினால் பார்க்காமலே ‘ஆம்’ போடும் பழக்கம்தான் வளரும்.

பிறகு நிகழ்வுகள். தம்மாமிலிருந்து பவர் பத்திரம் கூரியரில் வந்து சேர்ந்த தேதியைப் பதிந்தவுடன் 3 மாதக் கடிகாரம் ஓடத் தொடங்க வேண்டும், கெடு நெருங்கும்போது உரியவருக்கு நினைவூட்டல் போக வேண்டும். கிரைய ஒப்பந்தக் கெடுவுக்கும் அப்படியே. புதிய வில்லங்கச் சான்றில் எதிர்பாராத ஒரு பதிவு வந்தால், முடிந்ததாகக் குறித்த உரிமைக் கட்டம் மறுபடி திறக்க வேண்டும். ஆள் நினைவில் வைத்திருக்க வேண்டிய தேதிகளை மென்பொருள் சுமப்பதும், ஆள் தீர்மானிக்க வேண்டியதை ஆளிடமே விடுவதும் இந்த ஏற்பாட்டின் சாரம்.

இதெல்லாம் மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று உங்கள் மேலதிகாரிகள் தயங்கினால், கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்தின் பழைய எழுத்தர் யாரிடமாவது பேசச் சொல்லுங்கள். வரும் ஒவ்வொரு தபாலுக்கும் நடப்பு எண் கொடுத்து உதவியாளர் தம் தன்பதிவேட்டில் பதிவார். வந்த கடிதங்களும் போன கடிதங்களும் நடப்புக் கோப்பில் இருக்கும். அவற்றைப் படித்து ஒவ்வொருவரும் எழுதிய கருத்துகள் குறிப்புக் கோப்பில் இருக்கும். யாரிடம் பதில் வரவில்லை, எப்போது நினைவூட்டு அனுப்பினோம் என்பது தன்பதிவேட்டின் பத்திகளில் தெரியும். கோப்பு முடிந்த பிறகு எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதற்குக்கூட ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு என்று வகை உண்டு. அந்த முறைக்குக் குறைகள் இருந்தன, மேசையிலிருந்து மேசைக்குக் கோப்பு நகரும் வேகம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் குறிப்புக் கோப்பு ஒரு பெரிய ஏற்பாடு. என்ன முடிவு எடுத்தார்கள் என்பதோடு ஏன் எடுத்தார்கள் என்பதும் கோப்பிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் ஒன்பது படி மென்பொருளில் ‘ஏன்’ என்பதற்கு ஒரு வரி இடம்கூட இல்லை. அது அண்ணாச்சியின் நோட்டில் இருக்கிறது. அவர் ஓய்வு பெறும் நாளில் நோட்டும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடத்துக்கு இப்போது வருகிறேன். திரையில் தகவலை நிரப்பும் கட்டங்கள் எப்படி இருக்க வேண்டும் என்பது அது.

திருநெல்வேலி வட்டாரத்துப் பழைய பத்திரங்களைக் கையில் எடுத்தவர்களுக்கு இது தெரியும். ‘மாவட்டம்’ என்று ஒரு கட்டம் இருக்கும், கீழே இறங்கும் பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துச் சொத்தின் 1978 பத்திரம் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் சொல்லும். 1986இல் அந்தப் பகுதி தனி மாவட்டமாகப் பிரிந்து இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. சங்கரன்கோவில் சொத்தின் 2015 பத்திரத்திலும் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும். 2019 நவம்பரிலிருந்து அது தென்காசி மாவட்டம். பத்திரத்தில் உள்ள மாவட்டமும் இன்றைய பட்டாவில் உள்ள மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து விதி எழுதியிருந்தால், இந்தக் கோப்புகள் எல்லாம் சிவப்பில் நிற்கும். செங்கோட்டை இன்னும் ஒரு படி மேலே. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துப் பழைய ஆவணங்களில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் 1098 என்றால் ஆங்கில ஆண்டுக்கு 1922-23. நாள், மாதம், நான்கு இலக்க ஆண்டு என்று மட்டும் ஏற்கும் கட்டத்தில் 1098 என்று தட்டினால் கணினி அதைச் சோழர் காலமாக எடுத்துக்கொள்ளும். நிலத்தின் அளவு கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று இருக்கும், கட்டமோ சதுர அடி கேட்கும்.

இங்கே புதிய ஊழியர் என்ன செய்வார்? கட்டம் ஏற்றுக்கொள்ளும் ஏதோ ஒரு மதிப்பைப் போட்டு நகர்ந்துவிடுவார். அந்தப் பொய் பிறகு எல்லோருக்கும் உண்மையாகிவிடும். அக்கா என்ன செய்வார்? கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, நோட்டில் ‘கொல்லம் 1098 ஆவணி, தாய்ப் பத்திரத்தோடு ஒத்துப்போகிறது’ என்று எழுதிவைப்பார். மென்பொருள் இருவரில் யாருக்கு உதவ வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆவணத்தில் உள்ளபடி ஒரு கட்டம், அதை இன்றைய கணக்கில் எப்படிப் புரிந்துகொண்டோம் என்று இன்னொரு கட்டம், அப்படிப் புரிந்துகொண்டவர் யார் என்று மூன்றாவது. இவ்வளவே வேண்டும். மென்பொருளுக்குப் பொருந்தாத உண்மையை வெளியே தள்ளும் கட்டம் ஒவ்வொன்றும் ஒரு நோட்டுப் புத்தகத்தை உருவாக்கும்.

தலைமை அலுவலகம் கேட்கப்போகும் கேள்வியும் தெரிந்ததுதான். “ஆளாளுக்கு இஷ்டப்பட்ட வரிசையில் செய்தால் கட்டுப்பாடு எங்கே இருக்கிறது?” நியாயமான கேள்வி. பணம் மக்களுடையது, தணிக்கையும் இருக்கிறது. ஆனால் இப்போது இருக்கும் கட்டுப்பாடு என்ன? கடைசி நாளில் ஒரே நிமிடத்தில் போட்ட ஒன்பது ‘முடிந்தது’ குறிகள். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு எந்தத் தணிக்கையாளரும் எதையும் நிரூபிக்க முடியாது.

கட்டுப்பாட்டை வரிசையிலிருந்து எடுத்து வாசலில் வையுங்கள். கடன் தொகை வெளியே போகும் முன் எவையெல்லாம் உண்மையாக இருந்தாக வேண்டும்? உரிமைத் தொடர்ச்சி, பெரும்பாலான வழக்கறிஞர்கள் கேட்கும் 30 ஆண்டுகளுக்கு, அறுபடாமல் இருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் வாரிசுகள் எல்லோரும் நேரிலோ செல்லத்தக்க பவர் மூலமோ கையெழுத்திட வேண்டும். வாரிசுகளில் பெண் மக்களை விட்டுவிடவில்லை என்று உறுதியாக வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமப் பங்கு என்பது தமிழ்நாட்டில் அப்போது மணமாகாத மகள்களுக்கு 1989 திருத்தத்திலேயே வந்துவிட்டது, 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் விரித்தது, 2020இல் உச்ச நீதிமன்றம் அதில் இருந்த குழப்பத்தையும் தீர்த்தது. இருந்தும் இந்தப் பக்கத்துப் பாகப்பிரிவினைகளில் அக்கா தங்கைகளின் பெயர் இன்னும் விட்டுப்போகிறது. வில்லங்கச் சான்று பதிவுக்கு முந்தைய நாள் வரை பார்த்திருக்க வேண்டும். மூல ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். இவை நிறைவேறினால்தான் வாசல் திறக்கும், எந்த வரிசையில் நிறைவேறின என்பது அந்தக் கோப்பைப் பார்ப்பவரின் பொறுப்பு.

முன்னே சொன்ன மூன்று அதிகாரங்களில் தவிர்ப்பதுதான் நுட்பமானது. பட்டா இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருக்கிறது, மாறுதலுக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள், கடன் வழங்குவதைத் தள்ளிப்போட வேண்டுமா? சில சமயம் தேவையில்லை. அப்போது அக்கா அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம், ஆனால் காரணத்தை எழுத வேண்டும், அவர் அல்லாத இன்னொருவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், பின்னர் பட்டா வந்ததா என்று பார்க்க ஒரு நாள் குறிக்க வேண்டும். மறுபடி செய்வதிலும் ஒரு கவனம். இரண்டாம் மதிப்பீடு வந்ததும் முதல் மதிப்பீடு அழிந்துவிடக் கூடாது. இரண்டும் இருக்கட்டும், ஏன் இரண்டாவது தேவைப்பட்டது என்பதும் இருக்கட்டும். தணிக்கையாளர் எவருக்கும் இந்தப் பதிவு ஒன்பது குறிகளைவிட மதிப்புள்ளது. அவரிடமே காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

அளவீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மென்பொருளைக் கெடுப்பது இதுதான். ‘ஒரு நாளில் ஒருவர் எத்தனை கோப்பு முடித்தார்’ என்று பலகையில் போட்டால் சிக்கலான கோப்பைத் தொட யாரும் முன்வர மாட்டார்கள். பெருமாள்புரத்து மனைகள் பறக்கும், கல்லிடைக்குறிச்சி வீடு அடியில் கிடக்கும். நான் பார்க்கச் சொல்வது வேறு. இந்தக் கோப்பு இன்று யாருக்காகக் காத்திருக்கிறது: வாடிக்கையாளருக்கா, வழக்கறிஞருக்கா, சார்பதிவாளர் அலுவலகத்துக்கா, நமக்கா? நமக்காகக் காத்திருப்பவை எத்தனை? சொத்தில் தீராத கோளாறு உள்ள கோப்புகளை எத்தனையாவது நாளில் கண்டுபிடித்துச் சொன்னோம்? கடன் வழங்கிய பிறகு குறை தெரியவந்தவை எத்தனை? சீக்கிரமாகவும் சரியான காரணத்தோடும் ‘முடியாது’ என்று சொன்ன கோப்பையும் நல்ல வேலையாகவே கணக்கில் எடுங்கள்.

எந்த மென்பொருள் என்று கேட்பீர்கள். சி.எம்.எம்.என். முறையை அப்படியே இயக்கும் எஞ்சின்கள் குறைவு. ஃப்ளோவபிள் அதை ஆதரிக்கிறது. கமுண்டா தன் 7ஆம் பதிப்பில் ஆதரித்து, 8ஆம் பதிப்பில் விட்டுவிட்டது. ஆகவே குறியீட்டு முறையை நம்பி வாங்காதீர்கள், கருத்தை நம்பி வாங்குங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, தென்காசி அருகே மத்தளம்பாறையில் இருக்கும் ஜோஹோ அலுவலகத்தில் உருவான ஜோஹோ டெஸ்க் போன்ற டிக்கெட் மென்பொருள்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வாடிக்கையாளர் கோரிக்கைகளுக்கு அவை நன்றாகப் பொருந்தும். சொத்துக் கோப்புக்கு வாசல் நிபந்தனைகளும், தேவைப்பட்டால் சேர்க்கும் பணிகளும், கட்டத்தை மறுபடி திறக்கும் வசதியும் வேண்டும். எந்த நிறுவனம் விற்க வந்தாலும் உங்களுடைய சிக்கலான கோப்பு ஒன்றை, பெயர்களை மறைத்துவிட்டு, அவர்கள் முன் வைத்து ‘இதை இதில் நடத்திக் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். பெருமாள்புரத்து மனையை எல்லா மென்பொருளும் நடத்திக் காட்டும்.

செயற்கை நுண்ணறிவு பத்திரத்தைப் படித்துச் சுருக்கம் கொடுக்கும் என்றும் விற்பார்கள். அறுபது பக்கத்தில் ‘மைனர்’ என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று தேடிக் கொடுக்க அதைப் பயன்படுத்துங்கள், நல்ல உதவி. உரிமை தெளிவு என்ற முடிவை அதனிடம் விடாதீர்கள். பழைய கையெழுத்துப் பத்திரங்களில் அது தடுமாறும்போது தடுமாறுகிறது என்று சொல்லவும் சொல்லாது.

தொடங்குவதற்கு மென்பொருளே வேண்டாம். ஏற்கெனவே முடிந்த கோப்புகளில் அண்ணாச்சிக்கு நினைவில் நிற்கும் சிக்கலானவை பத்துப் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் இருவரோடும் உட்காருங்கள். ‘என்னென்ன படிகளைச் செய்தீர்கள்’ என்று கேட்காதீர்கள், மென்பொருளின் ஒன்பது படிகளையே ஒப்பிப்பார்கள். ‘எந்தத் தாளைப் பார்த்ததும் உங்கள் எண்ணம் மாறியது? அப்போது யாருக்குப் போன் செய்தீர்கள்? அந்தத் தாள் கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?’ என்று கேளுங்கள். அந்தப் பதில்களிலிருந்து கட்டங்களும், தேவைப்பட்டால் சேர்க்கும் பணிகளும், வாசல் நிபந்தனைகளும் தாமாகவே பிரிந்து வரும். ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒரு மாதம் புதிய கோப்புகளை அதன்படி நடத்துங்கள். அந்த மாதத்தில் பட்டியலில் இல்லாத பணி எது தேவைப்பட்டாலும் கையால் எழுதிச் சேருங்கள். யாரும் தொடாத பணிகளை அடித்துவிடுங்கள். மாத முடிவில் தலைமை அலுவலகத்திடம் போகும்போது கேட்க வேண்டியது தெளிவாக இருக்கும்: முழுக் கோப்பும் தெரியும் திரை, காரணம் எழுத இடம், வரிசையைத் தளர்த்தி வாசலை இறுக்கும் அமைப்பு. முழு மென்பொருளையும் மாற்ற மறுத்தாலும் முதல் இரண்டை இப்போதைய மென்பொருளிலேயே செய்து வாங்கலாம்.

கடைசியாக ஒரு வேலை, இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவரை அண்ணாச்சியோடும் ஒருவரை அக்காவோடும் உட்கார வையுங்கள். மூத்தவர் கோப்பைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லட்டும், குறிப்பை இளையவர் எழுதட்டும், மூத்தவர் அதைப் படித்துத் திருத்திக் கையொப்பமிடட்டும். எழுதும் சுமை மூத்தவருக்குக் குறையும். இளையவர் கற்றுக்கொள்வார். கோப்பில் ‘ஏன்’ என்பது நாளைக் காலையிலிருந்தே சேரத் தொடங்கும்.